பெனிசிலின் மறக்கடித்த தடுப்பூசி

ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியிருந்த தங்கச் சுரங்கங்களில், வெப்பப் பிரதேசங்களிலிருந்து கூலிக்கு அழைத்துவரப்பட்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் நெரிசலான கொட்டடிகளில் தங்கவைக்கப்பட்டு நிமோனியாவுக்கு இரையானார்கள். 1911இல் மருத்துவர் ஆல்ம்ராத் ரைட், நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸ் கிருமியைக் கொன்று செய்த ஊசியைப் பல்லாயிரம் பேருக்குப் போட்டுப் பார்த்தார். எதிர்பார்த்த பலன் இல்லை. இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு என்பதையும், வகைக்கேற்ற ஊசி வேண்டும் என்பதையும் மருத்துவர் ஸ்பென்சர் லிஸ்டர் அதே சுரங்கங்களில்தான் நிறுவினார். கொட்டடி நெரிசலைக் குறைத்தால் போதாதா, ஊசி எதற்கு? நியாயமான கேள்வி. அங்கே சென்று பார்த்த அமெரிக்க மருத்துவர் கோர்காஸும் இருப்பிடத்தைத் திருத்தவே சொன்னார். அது அத்தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய உரிமை. ஆனால் இந்நோய்க்கு ஆளாக்கும் முதுமையையும் நீரிழிவையும் நல்ல வீடு போக்கிவிடாது.

1945இல் மெக்லவுடும் ஹைடல்பர்கரும் சக ஆய்வாளர்களும், கிருமியின் சர்க்கரை மேலுறையிலிருந்து செய்த ஊசி அமெரிக்கப் படைவீரர்களைக் காத்ததை நிரூபித்தார்கள். ஆறு வகைகளுக்கான ஊசி சந்தைக்கும் வந்தது. கேட்பாரில்லை. பெனிசிலின் இருக்கும்போது ஊசி எதற்கு என்று மருத்துவர்களே கைவிட, 1954இல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்ததை அந்த மருத்துவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையின் ஓட்டையை 1964இல் காட்டியவர் மருத்துவர் ராபர்ட் ஆஸ்திரியன். புரூக்ளின் மருத்துவமனையொன்றின் நோயாளிகளை ஆராய்ந்த அவர், கிருமி ரத்தத்தில் கலந்தவர்களில், நோய் தொடங்கி முதல் ஐந்து நாளுக்குள் இறப்பவர்களைப் பெனிசிலினால் பெரிதாகக் காப்பாற்ற முடியவில்லை என்றார். மருந்து வேலை செய்யுமுன்பே உடல் தோற்றுவிடுகிறது. அவருடைய தடுப்பூசிச் சோதனைகளும் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்தன. அவற்றின் பலனாக 1977இல் 14 வகைகளுக்கும், 1983இல் 23 வகைகளுக்கும் ஊசி வந்தது.

திடகாத்திரமான இளைஞர்களிடம் பலித்தது முதியவர்களிடம் பலிக்குமா என்ற ஐயம் நீண்டகாலம் இருந்தது. அதில் பாதி உண்மை. சர்க்கரை உறை மட்டும் கொண்ட ஊசி உடலில் நோயெதிர்ப்பு நினைவை வளர்ப்பதில்லை. காப்பு சில ஆண்டுகளில் தேயும். அந்த உறையைப் புரதத்தோடு பிணைத்த இணைப்பூசி இக்குறையைக் குறைத்தது. நெதர்லாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 85,000 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஊசியிலுள்ள வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஊசிகளின் வரிசையும் இதனால்தான் முக்கியமாகிறது: 13 அல்லது 15 வகை இணைப்பூசி முதலில், 23 வகை ஊசி ஓராண்டு கழித்து, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு எட்டு வாரம் கழித்தே போடலாம். 20 வகை இணைப்பூசி போட்டவர்களுக்குப் பொதுவாக இரண்டாவது ஊசி தேவையில்லை. மண்ணீரலை அகற்றும் அறுவைக்கு நாள் குறித்தவர்கள் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். நீரிழிவோ, இதய, நுரையீரல் நோயோ உள்ளவர்கள் காய்ச்சல் வரும்வரை காத்திராமல் இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.