குரலைப் பிடிக்கும் கை

1919 செப்டம்பர் 19. அமெரிக்காவின் சான் டியாகோ நகர மைதானத்தில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் பேசப் போகிறார். சுமார் ஐம்பதாயிரம் பேர் திரண்டிருக்கிறார்கள். மேடையில் ஒரு கண்ணாடிக் கூண்டு! ஜனாதிபதி அதற்குள் போய் நின்றார். நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, பக்கவாட்டில் திரும்பக் கூடாது. அப்படி நின்று பேசினால்தான் ஜென்சன், பிரிதம் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் உருவாக்கிய 'மேக்னவாக்ஸ்' ஒலிபெருக்கி அவர் குரலை மைதானம் முழுக்கக் கொண்டு போகும். உலகப் போரில் ஜெயித்த நாட்டின் தலைவர், ஒரு மைக் சொன்னபடி அசையாமல் நின்றார்!

ஆரம்பத்தில் மைக்குக்கு அவ்வளவு கௌரவம். மனிதன்தான் அதைத் தேடிப் போய் நிற்க வேண்டும்.

ஏறக்குறைய அதே சமயத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? ஆங்கிலப் புத்தாண்டு அன்று பழத்தட்டோடு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தவர்களை, 'துரைக்கெல்லாம் துரை திருத்தணியில் இருக்கிறான், அங்கே வாருங்கள்' என்று திருப்பிவிட்டார் வள்ளிமலை சுவாமிகள். 1917-18 வாக்கில் தொடங்கிய அந்தப் படித் திருவிழா இன்றும் டிசம்பர் 31 அன்று நடக்கிறது. மொத்தம் 365 படிகள். படிக்குப் படி கற்பூரம், திருப்புகழ். அன்றைக்கு மைக் ஏது? ஒருவர் ஒரு வரி பாடுவார், பின்னால் வருகிற கூட்டம் அதையே திருப்பிப் பாடும். கூட்டமேதான் ஒலிபெருக்கி!

பிறகு இந்தியாவுக்கும் மைக் வந்தது. காந்தி, நேரு பேசுகிற பழைய புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். மைக்கை ஒட்டி ஒரு பட்டை... அதில் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். அமெரிக்கக் கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். மோட்வானே குடும்பத்தின் சுத்த இந்தியக் கம்பெனி அது. நானிக் மோட்வானே காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஊர் ஊராக ஒலிபெருக்கிகளைக் கொண்டு போனார். தலைவர்களின் குரலைத் தூக்கிக்கொண்டு போனவர், மைக்கைப் பிடித்திருந்த இடத்தில் தன் பெயரையும் பொறித்து வைத்தார்.

அந்தக் காலத்து மைக்குகளில் ஒரு வகையை, பெரிய வளையத்துக்கு நடுவில் நாலைந்து ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டிருப்பார்கள். சிலந்தி வலையில் மாட்டிய வண்டு மாதிரி இருக்கும். அலங்காரம் என்று நினைப்போம். மேடையில் யாராவது 'தொம் தொம்' என்று நடந்தால் அந்த அதிர்வு ஸ்டாண்டு வழியாக ஏறி மைக்குக்குள் போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஸ்பிரிங். மைக் ஹோல்டரின் தாத்தா இவர்தான்.

அடுத்து வந்த கனமான உலோக மைக்குகள் ஸ்டாண்டிலேயே திருகப்பட்டன. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. மங்கலங்கிழார், ம.பொ.சி. முதலானவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் அது சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மேடைப் பேச்சே ஆயுதமாக இருந்த காலம். ஆனால், திருகி வைத்த மைக் முன்னால் எவ்வளவு பெரிய பேச்சாளரும் கட்டிப்போட்டவர்தான். முகத்தைத் திருப்பினால் பாதி வார்த்தை காற்றோடு போகும்!

விடுதலை 1959-ல் வந்தது. அமெரிக்காவின் ஷ்யூர் கம்பெனியில் எர்னி சீலர் என்ற எஞ்சினீயர், பக்கவாட்டில் பேசாமல் முனையில் பேசுகிற மாதிரி, ஒல்லியான மைக் ஒன்றை வடிவமைத்தார். அதே வழியில் 1966-ல் வந்ததுதான், ஐஸ்கிரீம் கோன் மாதிரி இருக்கிற எஸ்.எம்.58. ஒல்லியான மைக் என்றால் கையில் பிடிக்கலாம். கை வலித்தால்? ஸ்டாண்டில் ஒரு ஹோல்டர், சொருகிவிட்டுப் பேசலாம். பாட்டு வந்தால் உருவிக்கொண்டு நடக்கலாம். மனிதன் மைக்கைத் தேடிப்போன காலம் முடிந்தது. மைக் அவன் பின்னால் வரத் தொடங்கியது. அந்த மாற்றத்தின் மூட்டு, உள்ளங்கையில் அடங்குகிற அந்த பிளாஸ்டிக் துண்டு.

அதைத்தான் நாம் மதிப்பதே இல்லை. ஆம்ப்ளிஃபயருக்கு உறை போடுவார்கள், மைக்குக்குப் பெட்டி வாங்குவார்கள். ஹோல்டர்? வயரோடு வயராகக் கோணிப்பையில் கிடக்கும்.

விளைவு என்ன தெரியுமா? ஹோல்டர் தளர்ந்து மைக் தலை குனிகிறது. வாயிலிருந்து இரண்டு அங்குலத்தில் இருந்த மைக், நாலு அங்குலத்துக்குப் போகிறது. இரண்டு அங்குலம்தானே என்பீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு வந்து சேரும் ஒலியின் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும்! குரல் கேட்கவில்லை என்று மைக்செட்காரர் வால்யூமைத் திருகுவார். உடனே 'கொய்ங்ங்...' என்று ஒரு ஊளை. கூட்டம் காதைப் பொத்திக்கொள்ளும், பழி ஆம்ப்ளிஃபயர் மேல் விழும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலில் அளவு. எஸ்.எம்.58-ன் அடிப்பக்கம் 23 மில்லிமீட்டர்தான். வயர்லெஸ் மைக்கின் உடம்பு அதைவிடத் தடிமன். சின்ன ஹோல்டரில் அதை அமுக்கி நுழைத்தால் ஒன்று ஹோல்டர் பிளக்கும், இல்லையென்றால் மைக் நழுவும். இரண்டாவது மரை. அமெரிக்க வழக்கம் 5/8 அங்குலம், ஐரோப்பிய வழக்கம் 3/8 அங்குலம். இரண்டுக்கும் சமாதானம் செய்து வைப்பது ஒரு குட்டி அடாப்டர். கடைசி நேரத்தில் காணாமல் போவதும் அதுதான்! நாலைந்து உபரியாக இருக்கட்டும். மூன்றாவது, உள்ளே உலோக மரை இருக்கிறதா? வெறும் பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. பிளாஸ்டிக்குக்கு வெயில் எமன். வேனின் கண்ணாடி ஓரத்தில் போட்டு வைத்தால் மொறமொறத்து ஒரு நாள் பட்டென்று உடையும். வியர்வை, விபூதி, கற்பூரப் புகை எல்லாம் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, தனி டப்பாவில் வையுங்கள். சாய்வை மாற்றும்போது பக்கத்துத் திருகைத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். மைக்கையே பிடித்து வளைத்தால் ஹோல்டரின் கழுத்து முறியும்.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையை நினைத்துப் பாருங்கள். காவடிகள், 'அரோகரா' கோஷம், தமிழும் தெலுங்கும் கலந்த ஜனசமுத்திரம். அந்த நெரிசலில் கை நழுவிப் போன ஒரு குழந்தையின் பெயரை யாரோ மைக்கில் அறிவிக்கிறார்கள். தொங்கிப்போன மைக்கில் அந்தப் பெயர் பாதிதான் விழுகிறது. பெற்றவளின் காதுக்கு அது போய்ச் சேருமா?

அந்த நிமிடம் ஆயிரம் வாட்ஸ் ஸ்பீக்கர் இருந்து பிரயோஜனமில்லை. ஹோல்டரின் திருகு இறுக்கமாக இருக்க வேண்டும்.