விசை

மணப்பாட்டில் எங்கள் தாத்தா வீட்டு நடுக்கதவில் ஒரு ஓட்டை உண்டு. தேக்குக் கதவு. தரையிலிருந்து என் தோளுயரத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவு. சின்ன வயதில் அதில் கண்ணை வைத்து அடுக்களையைப் பார்ப்போம். "அது கரையான் அரிச்சது"ன்னு ஆச்சி சொல்லுவாள். அது கரையான் வேலை இல்லை என்று அப்பா என்னிடம் சொன்னபோது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

1971, ஆடி மாசம். தாத்தா துப்பாக்கியில் தோட்டா ஏற்றி, போல்ட்டை மூடி, அடிக்கட்டையைத் தரையில் ஊன்றிச் சாய்த்தார். விசையை யாரும் தொடவில்லை. அப்பாவுக்கு அப்போது எட்டு வயசு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். ஒரு கை தூரம்.

நான் கோடு எழுதிப் பிழைப்பவன். 'யாரும் தொடவில்லை, தானாக ஓடியது' என்று யார் சொன்னாலும் முதலில் நம்பமாட்டேன். அதனால் விசையின் வரலாற்றுக்குள் போனேன்.

இந்தக் கரைக்குத் துப்பாக்கி போர்ச்சுக்கீசியர்களோடு வந்தது. 1530-களில் பரதவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவியதும், 1538-ல் வேதாளையில் நடந்த கடற்போரும், 1542-ல் சவேரியார் வந்ததும் எல்லாம் ஒரே பத்தாண்டுக் கதை. முத்துக்குளிப்பு யார் கையில் என்பதுதான் அடிப்படைத் தகராறு. அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது திரித்துப்பாக்கி. புகையும் திரியை ஒரு கவ்வி பிடித்திருக்கும். அது மருந்தில் பட்டால் வெடிக்கும். இந்தியாவின் உள்நாட்டுத் துப்பாக்கிகளில் விரலை அழுத்த அழுத்தத் திரி மெதுவாக இறங்கும். விரலை எடுத்தால் மேலே போய்விடும். மனசு மாறலாம். போர்ச்சுக்கீசியர் கீழைக் கடல்களுக்குக் கொண்டுபோன வகையில் வில்கம்பி இருந்தது: லேசாகத் தொட்டால் கவ்வி பட்டென்று விழும். 1543-ல் ஜப்பானின் தனேகாஷிமா தீவுக்குப் போய், அங்கே பல தலைமுறை நிலைத்தது இந்த வகைதான். சுடுவதற்கு நல்லது, குறி அசையாது. ஆனால் மனசு மாற நேரமில்லை.

தமிழில் இந்தக் கவ்விக்குக் 'குதிரை' என்று பெயர். நல்ல பெயர். தட்டிவிட்டால் போதும், அப்புறம் அது உங்கள் பேச்சைக் கேட்காது.

தாத்தாவிடம் இருந்தது .315 ரைஃபிள். வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. இந்த .315 என்ற விசித்திர அளவுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. 1857-ஐப் பார்த்த வெள்ளைக்காரன், பட்டாளத் துப்பாக்கிக்குள் போகும் தோட்டா பொதுஜனத்திடம் இருக்கக்கூடாது என்று நினைத்தான். ராணுவத்துக்கு .303, வேட்டைக்காரனுக்கு வேறு அளவு. ஆஸ்திரிய மன்லிகர் தோட்டாவை எடுத்து, லீ-என்ஃபீல்ட் உடம்பில் பொருத்தினார்கள். சுதந்திரம் வந்தும் அந்தத் தடுப்பு மாறவில்லை, தோட்டாவும் மாறவில்லை. 1980-களில் இறக்குமதி நின்றபின் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் லட்சங்களுக்குப் போயின. சாதாரண லைசென்ஸ்காரனுக்கு வாய்த்தது.315 தான்.

அதன் விசை பட்டாளத்து விசை. இரண்டு கட்டமாக இழுக்க வேண்டும். முதலில் ஒரு தளர்வு, பிறகு ஒரு கனமான நிற்பு, அதைத் தாண்டினால் வெடி. ராணுவக் கணக்கில் இரண்டாம் கட்டம் மட்டும் 5 முதல் 6 பவுண்டு. குளிரிலும் பயத்திலும் விறைத்த விரலுக்காகச் செய்த கனம் அது. கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பிவந்த, பன்றி வேட்டைக்கு ஆசைப்பட்ட தாத்தாவுக்கு அது மாட்டு வண்டி மாதிரி இருந்திருக்கிறது. வெளிநாட்டில் இதற்கென்றே மெல்லிய விசைகள் விற்பார்கள், வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இங்கே அதெல்லாம் கிடையாது. அரத்தால் ராவுவதுதான் 'அப்கிரேடு'. வெளியூரில் ஒருவர் ராவிக் கொடுத்தார். 1970 ஐப்பசியில், நல்ல மழையில்.

மழை என்பது முக்கியம். லீ-என்ஃபீல்டின் பழைய வடிவத்தில் விசை தொங்குவது கீழே உள்ள காப்பு வளையத்தில். அது நெம்பவேண்டிய தடுப்புக் கொக்கியோ மேலே இரும்பு உடம்பில். இரண்டுக்கும் நடுவில் மரம். மரம் மழையில் உப்பினால் விசை கொக்கியை விட்டு விலகும். காய்ந்து சுருங்கினால் கொக்கியை நெருங்கும். பிரிட்டிஷ்காரர்களுக்கே இந்தத் தொல்லை தெரிந்து, 1949-ல் நம்பர் 4 ரைஃபிளின் மார்க் 2 வடிவத்தில் விசையை நேராக இரும்பு உடம்பிலேயே தொங்கவிட்டார்கள். இச்சாப்பூரின் .315 பழைய வடிவத்தின் பிள்ளை.

இனி நடந்தது என் கணிப்பு. ஐப்பசியில் உப்பிய மரத்துக்கு ஏற்றபடி தளர்வையெல்லாம் எடுத்து, கொக்கியின் பிடியையும் ராவிக் குறைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் எங்கள் கரையில் கச்சான் அடிக்கும். ஊரெல்லாம் தென்மேற்குப் பருவமழை என்று சந்தோஷப்படும். எங்களுக்கு அது மலையைத் தாண்டி, ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு வரும் காய்ந்த காற்று. தேரி மணல் கண்ணுக்குள் போகும், கதவுகள் இடைவெளி விடும். மரம் சுருங்கியது. விரல் இல்லாமலே விசை கொக்கியை அழுத்திக்கொண்டு நின்றது. மிச்சம் இருந்தது நூலளவு பிடி. அடிக்கட்டை தரையில் இடித்த அதிர்ச்சி போதும்.

இது தாத்தாவுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ரெமிங்டன் 700 ரைஃபிளின் விசையை வடிவமைத்தவர் மைக் வாக்கர். மெல்லிய, அழகான விசை என்று பெயர் வாங்கியது. கூடவே ஒரு பாதுகாப்பு மாற்றத்தையும் அவர் 1948-லேயே முன்மொழிந்தார். ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் செலவு. அது சேர்க்கப்படவில்லை. விசையைத் தொடாமலே வெடித்தது என்ற வழக்குகள் பல பத்தாண்டு நீண்டன. 2014-ல் நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளாமலேயே சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளின் விசைகளை மாற்றித் தரச் சம்மதித்தது. எங்கள் ஆபீசிலும் இந்த வகை உரையாடல் நடக்கும். 'இப்போ வேண்டாம், அடுத்த ரிலீசில் பாத்துக்கலாம்.' நானே சொல்லியிருக்கிறேன்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாத்தா அதற்கு ஒரு வருஷம் முன்பே வேட்டையை விட்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லையாம். துப்பாக்கி மட்டும் பீரோவில் கிடந்தது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்து வரவேண்டும். வீட்டில் ஓட்டுப் போடுவதைவிட அது பெரிய சடங்கு.

தாத்தா இறந்தபின் அப்பா அதை ஒரேயடியாக ஒப்படைக்கப் போனார், நானும் கூடப் போனேன். ஏட்டையா போல்ட்டை இழுத்து, காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, மேல்பக்கம் நீட்டி விசையில் விரலை வைத்தார். வைக்குமுன்னே 'டக்' என்றது.

"என்ன அண்ணாச்சி, தொடக்கூட இல்லியே?"

"எங்கப்பா காசு குடுத்து அப்படிப் பண்ணுனது," என்றார் அப்பா. ரசீதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.