காது கழுவும் பாடம்

தெருவோர மின்மாற்றியின் அருகே நின்று உற்றுக் கேட்டிருக்கிறீர்களா? 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் வந்துகொண்டிருக்கும். அது எந்தச் சுரம் என்று எவரேனும் கேட்டால் நாம் சிரிப்போம். ஆனால் கனடா நாட்டு இசையாசிரியர் ஒருவர் இக்கேள்வியை மெய்யாகவே கேட்டார்.

அவர் பெயர் ஆர். முர்ரே ஷேஃபர் (1933–2021), இசையமைப்பாளர். 1965இல் வான்கூவர் நகரை அடுத்த சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். இசை வகுப்பு என்றால் சுரவரிசையில்தானே தொடங்கும்? ஷேஃபரோ ஒரு தாளைக் கொடுத்து, சிறிதும் ஓசை எழாமல் வகுப்பு முழுவதும் கைமாற்றச் சொல்வார். நீங்களும் செய்து பாருங்கள். தாள் சரசரக்கும்; நாற்காலி கிறீச்சிடும்; யாராவது இருமுவார். அமைதி என்று நாம் எண்ணியிருந்ததற்குள் இத்தனை ஒலிகளா என்று வியப்பு உண்டாகும். இத்தகைய பயிற்சிகளைத் தொகுத்து, 'காது கழுவுதல்' என்னும் பொருள்படும் நூலை 1967இல் அவர் வெளியிட்டார்.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. ஆகவே இடைவிடாது வரும் ஒலியை மூளையே ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. இசை பயில்பவரோ சுருதி, தாளம், ஒலியின் தன்மை ஆகியவற்றைப் பிரித்தறியப் பழகுகிறார். அப்பழக்கத்தைப் பாட்டோடு நிறுத்தாமல் தெருவுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே ஷேஃபரின் நோக்கம்.

முதலில் அவர் இரைச்சலின் தீமையைப் பற்றித்தான் பாடம் நடத்தினார். குறைகூறுவதை மட்டும் கேட்டு மாணவர் சோர்ந்தனர். எந்த ஒலியைக் குறைப்பது என்பதோடு, எதைக் காப்பது என்றும் கேட்டாலென்ன? இவ்வெண்ணத்தில் எழுந்ததே 'உலக ஒலிச்சூழல் திட்டம்'. 1973இல் வான்கூவர் நகரின் ஒலிகளை இக்குழுவினர் இசைத்தட்டுகளாகவே வெளியிட்டனர். ஓர் ஊரில் எப்போதும் பின்னணியில் நிற்கும் ஒலிக்கு அவர்கள் இட்ட பெயரும் இசையிலிருந்து வந்ததே. நம் வழக்கில் 'ஆதார சுருதி' எனலாம்.

இனி மின்மாற்றிக்கு வருவோம். வட அமெரிக்காவில் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 60, ஐரோப்பாவில் 50. மின்கருவிகளின் ரீங்காரம் இவற்றையும் இவற்றின் மடங்குகளையும் ஒட்டியே எழும். மேனாட்டுச் சுரங்களில் முன்னது ஏறத்தாழ 'பி', பின்னது 'ஜி ஷார்ப்' என்றார் ஷேஃபர். (கணக்குப் பார்த்தால் 50 என்பது 'ஜி'க்கும் 'ஜி ஷார்ப்'புக்கும் இடையில் விழுகிறது.) மாணவர்களை அமைதியாக அமரச் செய்து, உள்ளிருந்து இயல்பாக எழும் சுரத்தை முனகச் சொன்னபோது, அமெரிக்க மாணவர் 'பி'யையும், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மாணவர் 'ஜி ஷார்ப்'பையும் அதிகம் நாடினராம்! இது வகுப்பறையில் கண்டதேயன்றி, கட்டுப்பாடுகளுடன் நடந்த ஆய்வன்று. ஆயினும் சிந்திக்க வைக்கிறது அல்லவா?

1975இல் குழுவினர் ஸ்வீடன், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் நாட்டுக்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து ஒலிகளைப் பதிவு செய்தனர். பிரான்சின் கடலோர ஊரான லெஸ்கோனிலில் நல்ல வெயில் நாட்களில் காற்று பொழுதோடு திசை மாறும். அதற்கேற்ப உள்நாட்டு ஒலிகளும் கடல் ஒலிகளும் முறைவைத்து ஊருக்குள் வந்தன. அந்த முறை தவறினால் வானிலை மாறுகிறது என்று பொருள்.

2000ஆம் ஆண்டையொட்டி ஃபின்லாந்து ஆய்வாளர்கள் அதே ஐந்து ஊர்களுக்கும் சென்று மீண்டும் ஒலிப்பதிவு செய்தனர். ஒப்பீடு 2009இல் நூலாக வெளிவந்தது. தங்கள் நாட்டு ஊர் ஒன்றையும் அவர்கள் அதில் சேர்த்துக்கொண்டனர்.