மனுவோடு வந்தவர்

1972-ல் வந்த 'காட்ஃபாதர்' படத்துக்குப் பிரெஞ்சில் 'லெ பரேன்' என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குப் பழகிய சொல். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனை அப்படிச் சொல்வார்கள்.

மரியோ பூசோவின் நாவலைக் கொப்போலா படமாக்கி ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. இன்னும் பார்க்கிறார்கள். துப்பாக்கிச் சண்டைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

படம் 1945-ல், ஒரு கல்யாண வீட்டில் தொடங்குகிறது. வெளியே பாட்டும் ஆட்டமும். உள்ளே இருட்டறையில், சவ அடக்கத் தொழில் செய்யும் பொனசேரா நியாயம் கேட்டு நிற்கிறார். அவர் மகளை இரண்டு இளைஞர்கள் அடித்து முகத்தைச் சிதைத்துவிட்டார்கள். நீதிமன்றம் தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. இருவரும் அன்றே வெளியே வந்துவிட்டார்கள். போலீஸ், கோர்ட்டு எல்லாம் பார்த்த பிறகுதான் மனிதர் டான் கார்லியோனேயிடம் வருகிறார். மார்லன் பிராண்டோ மடியில் பூனையோடு பொறுமையாகக் கேட்கிறார். பணம் வேண்டாம், என்றாவது ஓர் உதவி கேட்பேன் என்கிறார். கடைசியில் அந்த உதவி, குண்டு துளைத்த தன் மூத்த மகனின் உடலைத் தாய் பார்க்கும்படி சீர்செய்து தருவது.

முடிவில் இளைய மகன் மைக்கேல், தங்கையின் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்கிறான். அதே நேரத்தில் அவன் ஆட்கள் எதிரிகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். நான் படித்த நல்ல சொல் அங்கே கறைபட்டுப்போகிறது.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். மனுவோடு வந்தவர்களிடம் "அடுத்த வாரம் வாங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! திரும்பி வராதவர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்களோ? பொனசேராவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான் வருகிறது.