'மாணவ வீரர்' என்னும் சொல்லும் எட் ஒபானனின் வழக்கும்

1995ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் தேசிய இறுதிப் போட்டி நடைபெற்றது. லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆர்கன்சோப் பல்கலைக்கழகத்தை 89-78 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. அப்பல்கலைக்கழகத்துக்கு இருபது ஆண்டுகளாகக் கிட்டாதிருந்த வெற்றி அது. தன் குழுவின் முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் காயமுற்று வெளியே அமர்ந்திருக்க, தனியொருவராய் 30 புள்ளிகளைப் பெற்று அவ்வெற்றிக்கு வழிவகுத்தவர் எட் ஒபானன் என்னும் 22 வயதுக் கறுப்பின இளைஞர்.

இவ்வீரரின் புகழ் பாடுவது நமது நோக்கமன்று. உழைப்புக்கு வேறொரு பெயர் சூட்டிவிட்டால் அதற்குரிய கூலியைக் கொடாமலே விடலாம் என்பது சுரண்டலின் பழைய தந்திரங்களுள் ஒன்று. அத்தந்திரம் செல்வம் மிக்க ஒரு நாட்டில், அறிவின் இருப்பிடங்கள் எனப்படும் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செயற்பட்டமையை ஒபானனின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. ஆகவேதான் அதனை ஆராய முற்படுகின்றோம்.

ஒபானன் 1972இல் லொஸ் ஏஞ்சல்சிற் பிறந்தவர். 1990இல் பல்கலைக்கழகம் புகுந்த சிறிது காலத்துள் ஆட்டமொன்றின்போது அவருடைய முழங்கால் மூட்டைப் பிணைக்கும் நார் அறுந்தது. இறந்த ஒருவரின் உடலிலிருந்து பெறப்பட்ட நாரைப் பொருத்தி மருத்துவர் அதனைச் சீராக்கினர். முதலாண்டு முழுவதும் அவர் களமிறங்கவில்லை. அந்நிலையிலிருந்து மீண்டெழுந்து, தமது இறுதி ஆண்டில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 20 புள்ளிகளுக்கு மேற் பெற்று, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய வூடன் விருதையும் அவர் வென்றார்.

இத்தனைக்கும் அவர் பெற்றது யாது? கல்விக் கட்டணம், இருப்பிடம், உணவு, புத்தகம் ஆகியவற்றுக்கான புலமைப்பரிசில் மட்டுமே. படிப்பே அவருக்குரிய ஊதியம் என்றனர். ஆனால் வாரத்தில் 40 முதல் 45 மணித்தியாலம் பந்தாட்டத்திற் கழிய, படிப்புக்கு எஞ்சியது 12 மணித்தியாலமே என்று அவர் பிற்காலத்தில் நீதிமன்றத்திற் சாட்சியமளித்தார். ஆலைத் தொழிலாளி ஒருவனின் வேலைநேரத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. ஊதியம் எனப்பட்ட அப்படிப்பைக்கூட அவரால் அங்கு முடிக்க இயலவில்லை. அவர் பட்டம் பெற்றது 2011இல், நாற்பதை நெருங்கிய வயதில், லாஸ் வேகாசிலுள்ள வேறொரு பல்கலைக்கழகத்திலேயாகும்.

மறுபுறத்தில், இவ்வாட்டங்களிலிருந்து பெருகிய செல்வத்தை நோக்குவோம். கல்லூரி விளையாட்டுக்களை நிருவகிக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், தேசியப் போட்டிகளை ஏழு ஆண்டுகள் ஒளிபரப்பும் உரிமையை 1989இல் 100 கோடி டொலருக்கு ஒரு தொலைக்காட்சிக் கம்பனிக்கு விற்றது. 2010இற் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 14 ஆண்டுகளுக்கான விலை 1,080 கோடி டொலராக உயர்ந்தது. பல மாநிலங்களில் அரசாங்க ஊதியம் பெறுவோர் அனைவரிலும் மிகக் கூடிய சம்பளம் வாங்குபவர் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஒருவரே. விளையாட்டைச் சுற்றியிருந்த அனைவருக்கும் சந்தை திறந்திருந்தது. விளையாடியவனுக்கு மட்டும் அது மூடப்பட்டிருந்தது. அவ்வாறு விளையாடியோரிற் பெருந்தொகையினர் கறுப்பின இளைஞர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இம்மறுப்புக்கு அரணாக நின்றது 'மாணவ வீரர்' என்னும் சொல். அச்சொல் தானாகத் தோன்றியதன்று. 1953இல் கொலராடோ மாநில உயர் நீதிமன்றம், டென்வர்ப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட வீரரொருவர் அப்பல்கலைக்கழகத்தின் ஊழியரே என்றும், காயத்துக்கு நட்டஈடு பெற உரித்துடையவர் என்றும் தீர்ப்பளித்தது. 1955இல் அதே மாநிலத்தில் இன்னொரு கல்லூரி வீரர் ஆட்டக்களத்தில் தலையில் அடிபட்டு மாண்டார். அவருடைய விதவை மனைவி நட்டஈடு கோரினார். கல்லூரி உதைபந்தாட்ட வியாபாரம் நடத்தவில்லை என்று கூறி, 1957இல் அதே நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது.

வீரன் ஊழியன் எனக் கருதப்பட்டுவிடுவானோ என்ற அச்சம் நிலவிய அந்த ஆண்டுகளிலேயே 'மாணவ வீரர்' என்ற சொல் ஆக்கப்பட்டு, விதிகளிலும் விளக்கங்களிலும் புகுத்தப்பட்டது. இதனை எடுத்துரைத்தவர் எதிர்த்தரப்பினர் எவருமல்லர். 1951 முதல் 1988 வரை சங்கத்தின் நிருவாகத் தலைவராக இருந்த வோல்ற்றர் பையர்ஸ் என்பவரே 1995இல் தாம் வெளியிட்ட நூலில் இதனை ஒப்புக்கொண்டார். ஒபானன் வெற்றிக் கிண்ணம் ஏந்திய ஆண்டும் அதுவே.

கல்லூரியை விட்டு நீங்கிய ஒபானன் தொழின்முறை ஆட்டத்தில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1995இல் நியூ ஜேர்சி அணி அவரை ஒன்பதாவதாகத் தேர்ந்தெடுத்தது. அவ்வணியிலும் பின்னர் டலஸ் அணியிலுமாக இரண்டு பருவங்களே அவர் ஆடினார். அதன்பின் ஐரோப்பிய நாடுகளிலும் ஆர்ஜென்ரீனாவிலும் சில காலம் ஆடிவிட்டு, லாஸ் வேகாசுக்கு அண்மையிற் கார் விற்பனையாளராக வேலைக்கமர்ந்தார். அவருடைய சந்தைப் பெறுமதி உச்சத்தில் இருந்தது கல்லூரிக் காலத்திலேதான். அக்காலத்திலேதான் அவருக்கு ஊதியம் தடைசெய்யப்பட்டிருந்தது. கல்லூரி முடிந்தபின் தொழின்முறையிற் செல்வம் தேடலாம் என்ற வாதம் எத்துணைப் பொய்யானது என்பதை இதிலிருந்து உணரலாம். அவரளவு தூரம்கூடச் செல்லாதோரே மிகப் பலர்.

ஒருநாள் நண்பரொருவரின் இல்லத்தில், அந்நண்பரின் மகன் கணினி விளையாட்டொன்றை ஆடக் கண்டார் ஒபானன். திரையில் 1995ஆம் ஆண்டுக் குழு ஓடிக்கொண்டிருந்தது. அதிலொரு வீரன் அவருடைய நிறம், உடலமைப்பு, இடக்கைப் பழக்கம், 31 என்னும் எண் அனைத்தையும் கொண்டிருந்தான். பெயர் மட்டுமே இல்லை. அவருடைய உருவத்தை அவரிடம் கேளாமலே விற்றுக்கொண்டிருந்தனர். உழைப்பின் பயன் உழைப்பாளியிடமிருந்து பிரிந்து, அவனுக்கே அந்நியமான பண்டமாக நிற்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

2009 யூலையில் அவர் சங்கத்துக்கெதிராக வழக்குத் தொடுத்தார். கணினி விளையாட்டை விற்ற கம்பனியும் அதன் பங்காளியும் 4 கோடி டொலர் வழங்கி இணக்கத்துக்கு வந்தன. சங்கம் மட்டும் வழக்காடியது. 2014இல் விசாரணை தொடங்குமுன், ஒபானனும் அவரைச் சேர்ந்தோரும் தமக்கெனக் கேட்டிருந்த நட்டஈட்டைக் கைவிட்டு, விதிகளை மாற்றவேண்டும் என்ற கோரிக்கையுடன் மட்டும் நீதிமன்றிற் புகுந்தனர். தாம் படித்த காலத்தில் தாம் மாணவ வேடந்தாங்கிய விளையாட்டு வீரராகவே இருந்ததாக ஒபானன் அங்கு கூறினார்.

2014 ஓகஸ்ட் 8ஆம் திகதி நீதிபதி குளோடியா வில்க்கன், வீரர்களுக்குக் கொடுப்பனவைத் தடுக்கும் விதிகள் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் இத்தீர்ப்பின் ஒரு பகுதியைக் குறைத்தபோதிலும் அடிப்படையை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2021இல் வேறொரு வழக்கிற் சங்கத்துக்கெதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு யூலை முதல், தம் பெயராலும் உருவத்தாலும் வருவாய் பெற வீரர்கள் அனுமதிக்கப்பட்டனர். 2025 யூனில், பழைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் வழங்கவும், பல்கலைக்கழகங்கள் வருவாயில் ஒரு பகுதியை வீரர்களுடன் பகிரவும் இடமளிக்கும் உடன்பாடு அங்கீகரிக்கப்பட்டது.

இவை பெரும் வெற்றிகளே. எனினும் இவ்வெற்றியின் எல்லையையும் நாம் காணவேண்டும். நீதிமன்றங்கள் வீரனைச் சந்தையிற் பண்டம் விற்பவனாக அங்கீகரித்தனவேயன்றி, தொழிலாளியாக அங்கீகரிக்கவில்லை. ஆகையால் புகழ்பெற்ற சிலர் பெருஞ்செல்வம் ஈட்ட, பெயரறியா வீரர் பலர் பழைய நிலையிலேயே நிற்கும் ஏற்றத்தாழ்வு தோன்றியுள்ளது. 1955இல் மாண்ட வீரரின் மனைவி கேட்ட கேள்வி வேறு: காயமுற்றவனுக்கு, மாண்டவனின் குடும்பத்துக்கு, யார் பொறுப்பு? 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்தாட்டக் குழுவினர் 13-2 என்ற வாக்குகளால் தொழிற்சங்கம் அமைக்கத் தீர்மானித்தது அக்கேள்விக்கு விடைதேடியே. கல்லூரி பேச்சுவார்த்தைக்கு மறுத்தது. ஆண்டிறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

தனியொருவரின் துணிவு சந்தையின் கதவைத் திறந்தது. ஆனால் உழைப்பாளி என்ற பெயரையும் அதனோடு வரும் பாதுகாப்பையும் தனியொருவராற் பெற்றுத்தர இயலாது. அதற்கு ஒன்றுபட்ட அமைப்பு வேண்டும். பயிற்சி என்றும் சேவை என்றும் வாய்ப்பு என்றும் பெயரிட்டு உழைப்பைப் பெறும் நிலையங்கள் எங்கும் உள்ளன. மொழியைக் கற்பிப்போரும் கற்போருமாகிய நாம், அத்தகைய சொல்லொன்றைக் கேட்கும்போது, அதனை ஆக்கியவர் யார், அதனால் எவருடைய கூலி நின்றுபோயிற்று என்று விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள்.