சிங்கப்பூர்–நியூயார்க் வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே, புவிக்கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையில் அளந்தால், தொலைவு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். இரு நகரங்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய 178 பாகை விலகியிருப்பதால் இப்பாதை வட துருவத்தை ஒட்டியே செல்கிறது; தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் புலப்படுவதில்லை. ஆயினும், மேற்கிலிருந்து கிழக்காக உயர்வானில் விரைந்து வீசும் தாரைக்காற்றின் உந்துதலைப் பெறுவதற்காக, நியூயார்க் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் கூடுதல் தொலைவைப் பொருட்படுத்தாமல் வட பசிபிக் மீது பறக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் தொடங்கிய இந்த இடைநில்லாச் சேவையில், நீள்தொலைவுக்கெனவே எரிபொருள் கொள்ளளவு கூட்டப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் வகை விமானம் பயன்படுகிறது. பயண நேரம் சுமார் பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி வரை ஆகும்.