பூட்டும் அவகாசமும்

எமது பழைய கடைகளின் முகப்பை நினைவில் வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். கதவு என்று தனியாக ஒன்று இராது. மேலும் கீழும் பள்ளம் வெட்டிய மரச்சட்டங்களுக்கிடையே பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி நிறுத்துவார்கள். வரிசை மாறாதிருக்கப் பலகைகளில் இலக்கம் இடப்பட்டிருக்கும். கடைசிப் பலகையும் பொருந்தியதும் குறுக்கே இரும்புப் பட்டத்தைப் போட்டுப் பூட்டுவார்கள். உள்ளே வேலையாட்கள் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். காலப்போக்கில் பலகையின் இடத்துக்கு றோலர் கதவு வந்தது. பாயில் படுத்தவரின் இடத்துக்குக் கமரா வந்தது.

இந்த ஏற்பாடுகள் யாவும் கள்வன் ஒருவனை மனதிற்கொண்டு செய்யப்பட்டவை. அவன் இரவில் வருவான், தனியே அல்லது இருவர் மூவராக வருவான், சத்தத்துக்குப் பயப்படுவான். ஆனால், இலங்கை முஸ்லிம் வர்த்தகர்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அவர்களுடைய பேரிழப்புகள் களவினால் நேர்ந்தவை அல்ல. பயமின்றி, பகிரங்கமாக, கூட்டமாக வந்தவர்களால் நேர்ந்தவை. அத்தகைய கூட்டத்தை எந்தப் பூட்டும் தடுக்காது. சிறிது தாமதப்படுத்தும். பூட்டு வாங்கித் தருவது பாதுகாப்பை அல்ல, அவகாசத்தையே. அந்த அவகாசத்துக்குள் யார் வந்து சேர்கிறார்கள் என்பதுதான் வரலாறு கேட்கும் கேள்வி.

1915ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா மேளதாளத்துடன் செல்லும் உரிமை பற்றிய வழக்கு நீண்டு, அவ்வாண்டு பெப்ரவரியில் உயர் நீதிமன்றத் தீர்ப்புடன் முடிந்தது. ஆனால் மனக்கசப்பு முடியவில்லை. மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே ஊர்வலம் சென்றபோது மோதல் வெடித்தது. அங்கிருந்து கலகம் மாகாணம் மாகாணமாகப் பரவியது. மத்திய, மேல், வடமேல், சப்ரகமுவ, தென் மாகாணங்கள் ஐந்தும் பாதிக்கப்பட்டன. ஆளுநர் சேர் றொபர்ட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது ஜூன் 2ஆம் திகதி. கலகம் ஓய்ந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டிருந்தன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டிருந்தன, 86 சேதமாக்கப்பட்டிருந்தன. முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டிருந்தனர்.

அன்று முதலிலே குறிவைக்கப்பட்டவர்கள் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து சில்லறை வியாபாரம் செய்த கரையோரச் சோனகர்கள். முதலாம் உலகப் போரினால் விலைவாசி ஏறியிருந்த காலம் அது. கடன் கொடுத்தவரும் விலை கூறியவரும் அவர்களே. அவர்களிற் பலர் குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, கடையையே வீடாகக் கொண்டிருந்தார்கள். கடைக்குக் காவல் இருந்தது. ஊருக்குள் உறவு குறைவாக இருந்தது. ஆயினும் கலகம் மூண்டபின், தலைமுறை தலைமுறையாக இந்நாட்டில் வாழ்ந்த சோனகரின் கடைகளும் தப்பவில்லை.

தாமதமாக வந்த அரசு, வந்தபின் அளவின்றி நடந்துகொண்டது. கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரியாக இருந்த இளைஞர் ஹென்றி பேதிரிஸ், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். சேனநாயக்க சகோதரர்கள் உட்படச் சிங்களத் தலைவர்கள் பலர் சிறையிடப்பட்டனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இந்தக் கொடுமைகளைச் சட்டசபையில் எதிர்த்துப் பேசினார். கடைகளுக்கான நட்டஈட்டை, குற்றவாளி யார் நிரபராதி யார் என்று பாராமல், பாதிக்கப்பட்ட பிரதேசங்களின் சிங்கள மக்களிடமிருந்தே அறவிட்டார்கள். உடைந்த கதவுக்குப் பணம் கிடைத்தது. ஆனால் அந்தப் பணத்தோடு அயலவனின் வன்மமும் சேர்ந்து வந்தது. எரிந்த கடையை மீண்டும் எழுப்பிய வியாபாரி, அதே மனிதர்களுக்குத்தான் அரிசியும் சீனியும் விற்க வேண்டியிருந்தது.

இந்தப் பாடம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் கடைகளும் தொழிற்சாலைகளும் எரிந்தபோதும் பூட்டுகள் பூட்டியபடிதான் இருந்தன. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது, சரக்கு நிறைந்த கடைகள் அப்படியே கைவிடப்பட்டன. அங்கே கதவை உடைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அண்மைக் காலத்தில் அவகாசத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 2014 ஜூனில் அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளிலும், 2018 மார்ச்சில் திகன உட்படக் கண்டி மாவட்டத்திலும், 2019 மே 13இல் மினுவாங்கொடையிலும் கடைகள் தாக்கப்பட்டன. கண்டியில் மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமான பின்னரும் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த வேளைகளிலும் கடைகள் எரிந்தன. சட்டத்துக்குப் பணிந்த கடைக்காரர் வீட்டுக்குள் அடைந்திருந்தார். பணியாதவர் வீதியில் நின்றார். கமராக்கள் தம் கடமையைத் தவறாது செய்தன, நடந்தவற்றைப் பதிந்தன. பார்த்து வரவேண்டியவர்கள்தாம் நேரத்துக்கு வரவில்லை.

ஆகவே கடையைக் காப்பது பற்றிப் பேசும்போது மூன்று காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நல்ல பூட்டும் கதவும் கள்வனுக்கு. கலவரத்தையும் உள்ளடக்கிய காப்புறுதி இழப்புக்கு. சாதாரணத் தீக் காப்புறுதியில் கலவர இழப்பு தானாகச் சேராது, தனியாகக் கேட்டுப் பெறவேண்டும் என்பதைச் சிறு வியாபாரிகள் அறிந்திருத்தல் நல்லது. மூன்றாவது, கூட்டத்துக்கு எதிரானது. அது காசுக்கு விற்கப்படும் பொருளல்ல. பள்ளிவாசல் பரிபாலன சபையும் பன்சலையும் வர்த்தக சங்கமும் நல்ல நாட்களிலேயே ஒன்றாக உட்கார்ந்து பழகியிருத்தல், நியாயமான விலையும் நேரான தராசும், முதற் கல் விழுந்த மணியிலேயே சட்டத்தை நடத்தும் பொலிஸ் ஆகியவற்றால் ஆனது அது. முதல் இரண்டும் எம் கையில் உள்ளவை. மூன்றாவதில் பாதிதான் எம் கையில். மறுபாதியை அரசிடம் உரிமையோடு கேட்க வேண்டும்.

1915 என்றதும் பேதிரிஸின் மரணமும் தலைவர்களின் சிறைவாசமும் நினைவுகூரப்படுகின்றன. அது நியாயமே. அத்துடன், மே 28க்கும் ஜூன் 2க்கும் இடைப்பட்ட நாட்களும் நினைவுகூரப்பட வேண்டும். இலக்கமிட்ட பலகைகள் தம்மால் இயன்றவரை தாங்கி நின்ற நாட்கள் அவை.